சனிக்கிழமைக்கு ஒன்று

ஸவாஹிர் சேர், நேற்று தேநீர் குடிக்கும்போது நீங்கள் ஒரு விஷயம் கேட்டீர்கள். உங்கள் மகளின் லப்டொப்பில் இருப்பதை அப்படியே இன்னொரு ஹார்ட் டிஸ்க்குக்குக் கொப்பி எடுத்து வைக்க வேண்டும், காசில்லாமல் கிடைக்கும் சொப்ட்வெயரில் எது நல்லது என்று. அந்த நேரம் யாரோ கதவைத் தட்டியதால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வாக்குமூலத்தை என் கையாலேயே தமிழில் எழுதித் தரலாம் என்று நீங்கள் விட்டிருப்பதால், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை.

இலவசம் என்று போட்டிருப்பதெல்லாம் இலவசமில்லை. விண்டோசுக்குள் ஓடுகிற, பார்க்க வடிவான சிலது இருக்கின்றன. எல்லாப் படியிலும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், கடைசிப் பொத்தானை அமத்தும்போது காசு கேட்கும். சிலது நேற்றுவரை சும்மா கொடுத்துவிட்டு இன்று நிறுத்தியிருக்கும். நான் பதினைந்து வருடமாகப் பாவிப்பது குளோன்சில்லா. அதை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கொம்பியூட்டரை அதிலிருந்து தொடக்க வேண்டும். முகத்தில் ஒரு களையும் இல்லை, வெறும் எழுத்துத்தான். ஆனால் ஒரு சதமும் கேட்காது, டிஸ்க் முழுவதையும் உள்ளது உள்ளபடி எடுக்கும். எதிலிருந்து எதற்கு என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மாறிச் சொன்னால் வெறும் டிஸ்க்கை நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதிவிடும், பிறகு அழுது பிரயோசனமில்லை. அதனால்தான் எழுதுவதற்கு முன், உண்மையாகவே செய்யட்டுமா என்று கேட்கும். ஆம் என்றால் இன்னொரு தரமும் கேட்கும். இரண்டு தரம் கேட்கிற சொப்ட்வெயரை மட்டும் நம்புங்கள், சேர். என்னிடம் வருகிற எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

என் பெயர் சின்னத்தம்பி தில்லைநாதன். வயது ஐம்பத்தேழு. சொந்த ஊர் காரைநகர். வெள்ளவத்தைக்கு வந்து இருபத்தெட்டு வருடம். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடியில் என் கடை. கீழே முர்ஷித்தின் போன் கடை. நான் கொம்பியூட்டர் திருத்துவேன், டைப் அடிப்பேன், ஸ்கான் செய்வேன், மனைவிமாரை வெளிநாட்டுக்கு எடுப்பதற்கான ஸ்பொன்சர் விண்ணப்பக் கோவைகள் தயாரித்துக் கொடுப்பேன். கடைசியாகச் சொன்னதுதான் என் உண்மையான தொழில். வெள்ளவத்தையில் பாதி வீடுகளில் யாரோ ஒருவர் எங்கேயோ போவதற்காகக் காத்திருக்கிறார். வெளிநாட்டு மாப்பிள்ளை மூன்று கிழமை லீவில் வருவார், மண்டபத்தில் தாலி கட்டுவார், பெண்ணை இங்கே விட்டுவிட்டுப் போவார். பிறகு அது உண்மையான கலியாணம்தான் என்று முன்பின் தெரியாத ஓர் அதிகாரிக்குக் காட்ட வேண்டும். கலியாணப் படங்கள், கதைத்த பதிவுகள், பிறந்தநாளுக்கு அனுப்பிய பூவின் பில், எல்லாம் வேண்டும். அன்பாக இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். நான் அதை ஒழுங்காக அடுக்கிக் கொடுப்பேன். என் மூன்று தங்கச்சிமாரையும் அப்படித்தான் அனுப்பினேன். மூன்று கோவையும் முதல் தரத்திலேயே சரிவந்தன. அவர்களைக் கரைசேர்த்த பிறகு நான் கலியாணம் கட்டலாம் என்றிருந்தேன், காலம் போய்விட்டது. வருடப் பிறப்புக்கு போன் எடுப்பார்கள். ஒருத்தி எடுப்பதில்லை.

என் கடை அலுமாரியில் இருந்த டிஸ்க்குகளைப் பற்றிக் கேட்டீர்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேருடைய கொப்பிகள் என்று உங்கள் ஆட்கள் எண்ணினார்கள். எண்ணிக்கை சரி. யாருடைய இயந்திரம் வந்தாலும் கைவைக்க முன்னர் முழுக் கொப்பி எடுத்துவிடுவேன். இது பயத்தில் தொடங்கியது. ஹெவ்லொக் டவுனில் ஹியூபேட் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். அவர் பத்து வருடமாக எழுதிவந்த ஒரு புத்தகம் என் மேசையில், என் கையில் அழிந்துபோனது. மனிதர் ஏசவில்லை. பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஏசியிருந்தால் மறந்திருப்பேன். அன்று முதல் யாருடையதும் என் கையில் தொலையக் கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

வேலை முடிந்த பிறகு ஏன் அழிக்கவில்லை என்றீர்கள். மனம் வரவில்லை, சேர். பல பேர் ஒரு வருடம் கழித்து வந்து, அண்ணா, பிள்ளையின் படமெல்லாம் போய்விட்டது என்று நிற்பார்கள். நான் பார்க்கிறேன் என்று சொல்லி, இரண்டு நாள் கழித்து எடுத்துக் கொடுப்பேன். காலில் விழாத குறை. எங்கிருந்து எடுத்தேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. உங்கள் பொலிஸ் நிலையத்தில் வேலை செய்கிற இரண்டு பேருடையதும் அந்த அலுமாரியில் இருக்கிறது. பெயர் இங்கே வேண்டாம்.

திறந்து பார்த்தேனா என்றால், பார்த்தேன். திறந்து பார்க்காத கொப்பி கொப்பியே இல்லை. அது இந்தத் தொழிலின் முதல் பாடம்.

ரூபிகா வந்தது இரண்டு வருடத்துக்கு முந்திய மார்ச்சில். இருபத்தொன்பது வயது. தெஹிவளையில் ஒரு தொடர்மாடி பிளட்டில் தாய் இரத்தினம்மாவோடு இருக்கிறாள். கணவர் தனஞ்சயன் கனடாவில். கலியாணமாகி ஒரு வருடம், அதில் சேர்ந்திருந்தது பத்தொன்பது நாள். லப்டொப்பை மேசையில் வைத்துவிட்டு, "அண்ணா, இது திறக்கவே பத்து நிமிசம் எடுக்குது. என்ர ஸ்பொன்சர் சாமான் முழுக்க இதுக்குள்ளதான் கிடக்கு" என்றாள்.

"வேற எங்கயும் கொப்பி இருக்கோ பிள்ளை?"

"இல்லை அண்ணா. அவரும் போன் மாத்தினதில பழசெல்லாம் போயிட்டுது. என்ர போன் நிறைஞ்சா எல்லாத்தையும் இதுக்குள்ள போட்டிட்டு போன்ல அழிச்சிடுவன். ஒரே இடத்தில இருந்தாத்தானே தொலையாது."

எங்கள் ஆட்களின் புத்தி இது. இடம்பெயர்ந்த காலத்தில் பிறப்புச் சான்று, காணி உறுதி, நகை, எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிக் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். ஓட வேண்டி வந்தால் ஒரு பையைத் தூக்கினால் போதும். பை கையில் இருக்கும்வரை அது நல்ல பழக்கம்தான். ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் அதைவிட மோசமான பழக்கம் கிடையாது. ரூபிகாவுக்கு அதை விளங்கப்படுத்தினேன். புதிய டிஸ்க் ஒன்று வாங்குவோம், பழையதை அதற்கு அப்படியே மாற்றுவோம், நாலு நாளில் தருகிறேன் என்றேன். ஓம் என்றாள். அன்று அடை மழை. விடும்வரை கடையிலேயே பிளாஸ்டிக் கதிரையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தாள். நான் சம்பல் மட்டும் தொட்டு இடியப்பம் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டாள். அடுத்த நாள் ஒரு போத்தலில் சொதி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கடையில் எனக்கென்று ஒருவர் சாப்பாடு கொண்டுவந்தது அதுதான் முதல் தடவை.

வழக்கம்போல் முதலில் என் கொப்பியை எடுத்தேன். வழக்கம்போல் திறந்து சரிபார்த்தேன். அறுநூற்றுச் சொச்சம் படங்கள். தனஞ்சயன் அனுப்பிய குரல் செய்திகள் இருநூற்றுப் பதினொன்று. மற்றவர்கள் இப்படியானவற்றை எப்படி வந்ததோ அப்படியே குப்பையாகப் போட்டு வைத்திருப்பார்கள். இவள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். 'பனிக்குள்ள நடந்துகொண்டு கதைச்சது.' 'காய்ச்சல் நேரம்.' 'பாட்டு, சிரிக்கக் கூடாது.' மத்தியானம் சாப்பிட்டபடி மூன்று நாள் கேட்டேன். தனஞ்சயன் ஒன்றும் பெரிய பேச்சுக்காரர் இல்லை. சாப்பிட்டாயா, அம்மாவின் முழங்கால் எப்படி, இன்றைக்கு பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்ததா, இவ்வளவுதான். ஆனால் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பதுபோல் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அந்த இடைவெளியில் சில நேரம் நான் பதில் சொன்னேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எதையும் மறைக்கவில்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாலாம் நாள் புதிய டிஸ்க்கைக் கையில் எடுத்தேன். வேலையை முடித்துக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நன்றி சொல்லுவாள். கோவை தயாரிப்பேன். முதல் தரத்திலேயே சரிவரும். போய்விடுவாள். வருடப் பிறப்புக்கு ஒரு போன் வரும்.

புதிய வெறும் டிஸ்க்கை எதிலிருந்து என்ற இடத்தில் கொடுத்தேன். அவளுடையதை எதற்கு என்ற இடத்தில் கொடுத்தேன். செய்யட்டுமா என்று கேட்டது. ஆம் என்றேன். இன்னொரு தரம் கேட்டது. ஆம் என்றேன்.

அந்த டிஸ்க்கில் முதலிலிருந்து கடைசிவரை வெறும் பூச்சியம்தான் இருக்கிறது என்று உங்கள் நிபுணர் எழுதியிருப்பது சரி. தவறுதலாக மாறிவிட்டது என்று சொல்லும்படி என் சட்டத்தரணி சொல்கிறார். நல்ல மனிதர், என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். ஆனால் நான் ஒருநாளும் திசை மாறிப் போட்டதில்லை, சேர். ஹியூபேட் விஷயம்கூட மின்சாரம் போனதால் வந்தது. அப்படி ஒரு பிழையை என் பெயரில் எழுத நான் விடமாட்டேன்.

ரூபிகா வந்ததும் கதிரையில் இருத்தி, தண்ணீர் கொடுத்து, டிஸ்க் இடைநடுவில் செத்துவிட்டது என்று சொன்னேன். சத்தம் போடாமல் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, அது நடிப்பில்லை. "நான் கொஞ்சம் கொஞ்சமாச் சுரண்டி எடுத்துப் பாக்கிறன் பிள்ளை. காலம் எடுக்கும்" என்றேன். "எத்தினை நாள் எண்டாலும் பரவாயில்லை அண்ணா" என்றாள். எத்தனை நாள் என்றாலும் என்பது அவளுடைய சொல். தயவுசெய்து அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் வந்தாள். வேலைக்குப் போகாத நாள் அதுதான். பத்தரை மணி பஸ்ஸில் வந்து இறங்குவாள். கையில் ஏதாவது இருக்கும், தோசை, சில நாள் புட்டு. நான் இரண்டு படமோ மூன்று படமோ எடுத்து வைத்திருப்பேன். சுரண்டி எடுக்கும் படங்களுக்குப் பெயரும் திகதியும் வராது, நம்பர்தான் வரும். அதனால் நானும் ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, திகதியையும் மாற்றி வைப்பேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. படம் திரையில் விரியும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், சேர். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அண்ணா, நீங்கள் கடவுள்" என்பாள். பிறகு அந்தப் படத்தின் கதையைச் சொல்லுவாள். எனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் கேட்பேன். தாய் ஒருநாள் போனில், "என்ர பிள்ளைக்கு இங்க ஒரு கூடப்பிறந்த ஆம்பிளையும் இல்லை தம்பி, உங்களை நம்பித்தான் இருக்கிறம்" என்றார். அந்த நம்பிக்கைக்கு நான் ஒருநாளும் கெடுதல் செய்யவில்லை. அவளுடைய விரலைக்கூட நான் தொட்டதில்லை.

கோவை அனுப்பும் காலம் வந்தது. என்னிடம் இருந்து அவளுக்குப் போயிருந்தவை நாற்பது படங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் இருவரும் தள்ளி நின்றார்கள், இடையில் மாமிமார் நின்றார்கள். நான் அப்படித்தான் தெரிந்தெடுத்திருந்தேன். மெல்லிய கோவை. ஆனாலும் அதிகாரி இரக்கக்காரனாக இருந்தால் சரிவந்துவிடக்கூடும் என்று எனக்கு ஒரு பயம் வந்தது. அவளுடைய டிஸ்க்கில் ஒரு கடிதம் இருந்தது. கலியாணத்துக்கு இரண்டு மாதம் முன்னர் ஷிஹாரா என்ற சிநேகிதிக்கு எழுதி, அனுப்பாமல் விட்டது. எனக்கு இதில் விருப்பமில்லை, அம்மாவுக்காகத்தான் ஓம் என்றேன், அந்த ஆளைப் பார்த்தால் ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதியிருந்தாள். எல்லாப் பெண்களும் ஒருநாள் எழுதக்கூடிய கடிதம்தான். அதை அறுபத்திரண்டு பக்கத்துக்குள் நாற்பத்தெட்டாம் பக்கமாக வைத்து நானே ஏற்றி அனுப்பினேன். நான் அடுக்கும் கோவையை யாரும் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்ப்பதில்லை. பொய் எதையும் நான் சேர்க்கவில்லை. ஒவ்வொரு எழுத்தும் அவளுடையது.

அந்த வருடமே நவம்பரில் மறுப்புக் கடிதம் வந்தது. அதில் அந்த வரிகளை எடுத்துப் போட்டிருந்தார்கள். ரூபிகா தன்னுடைய பழைய குப்பைக்குள் இருந்து அது தவறி வந்துவிட்டது என்றே நினைத்தாள். என்னிடம் மன்னிப்பும் கேட்டாள், "உங்கட உழைப்பைப் பழுதாக்கிப்போட்டன் அண்ணா" என்று. தனஞ்சயனும் அந்தக் கடிதத்தை வாசித்தார். மனிதர் பெரிதாகச் சண்டை பிடிக்கவில்லை. அந்த இடைவெளிகள் போய்விட்டன, அவ்வளவுதான். அதன் பிறகு வந்த குரல் செய்திகளில் மேன்முறையீடு, விண்ணப்பப் போம், திகதி, லோயரின் பெயர் தவிர வேறொன்றும் இல்லை. அவளுடைய போன் நிறைந்தால் பழையதை அழித்துச் சுத்தம் செய்து கொடுப்பது நான்தான், அதனால் தெரியும்.

இந்த வருடம் ஜனவரியில் தனஞ்சயன் வேலைக்குப் போகும்போது வாகனம் பனியில் சறுக்கிப் பாலத்துச் சுவரில் அடித்தது. அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. பனிக்கு நான் பொறுப்பில்லை. மறுப்பு வராமல் இருந்தால் பதினான்கு மாதம் கணவனோடு இருந்திருப்பாள் என்று நீங்கள் சொன்னீர்கள். கணக்குச் சரி. ஆனால் ஒரு விஷயத்தை நீங்கள் யோசிக்கவில்லை. அன்றைக்கு அவளும் அந்த வாகனத்தில் இருந்திருக்கலாம். இதை அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று பல தரம் வாய்வரை வந்தது.

வீட்டில் சிக்னல் சரியில்லை என்று மரணச் சடங்கை நேரலையில் பார்க்க என் கடைக்குத்தான் வந்தாள். பெரிய திரையைத் துடைத்து, இரண்டு கதிரை போட்டு வைத்தேன். இரத்தினம்மாவைப் படியேற்றிக்கொண்டு வந்தது நான். கனடாவில் யாரோ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தனஞ்சயனின் முகம் சரியாகத் தெரியவில்லை. "கிட்டக் கொண்டுபோங்கோ, கிட்டக் கொண்டுபோங்கோ" என்று அவள் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர்களுக்குக் கேட்கவில்லை. முழுவதையும் பதிவு செய்து வைத்திருக்கிறேன், என்றைக்காவது தேவைப்படும்.

ஒரு மாதம் வரவில்லை. பிறகு வந்தாள். மெலிந்திருந்தாள். "அண்ணா, போன்ல இருக்கிற குரல் எல்லாம் கோவத்தோட கதைச்சது. அதைக் கேட்டா என்னால ஏலாமல் கிடக்கு. பழைய குரல் ஒண்டாவது எடுத்துத் தருவியளோ?" என்றாள். நான் அன்றைக்கே ஒன்று கொடுத்திருப்பேன். ஆனால் உடனே கொடுத்தால் நம்பமாட்டாள். இரண்டு சனிக்கிழமை கழித்துக் கொடுத்தேன். பிறகு சனிக்கிழமைக்கு ஒன்று. எட்டுக் கொடுத்தேன், நம்பர் போட்டு, திகதி மாற்றி. ஒவ்வொன்றையும் அந்தக் கதிரையில் இருந்தபடி காதோடு வைத்துக் கேட்பாள். கேட்டு முடிந்ததும் அடுத்த கிழமை வரலாமா என்று கேட்பாள்.

ஒன்பதாவதில் பிடிபட்டேன். அது அவர்கள் எப்போதோ ஒரு சின்னச் சண்டை பிடித்த பிறகு அவர் அனுப்பியது. அவள் வைத்திருந்த பெயர் 'கோவம் ஆறின பிறகு'. அவள் தேடுவது அதைத்தான் என்று எனக்குத் தெரியும். மாதக் கணக்கில் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அன்றைக்கு அவள் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தாள். எனக்குத் தாங்கவில்லை, கொடுத்தேன். நம்பரைப் போடப் போனபோது, அந்தப் பெயரை அழிக்க விரல் வரவில்லை. பெயரையும் திகதியையும் அப்படியே விட்டுவிட்டேன். இருபத்தெட்டு வருடத் தொழிலில் நான் செய்த ஒரே பிழை அது, அதையும் இரக்கத்தால் செய்தேன்.

கீழே போய் அதைத் தன் போனில் ஏற்றித் தரும்படி முர்ஷித்திடம் கொடுத்திருக்கிறாள். முர்ஷித் சொன்னதை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். "தங்கச்சி, இது ரிகவரி எடுத்த பைல் இல்லியே. ரிகவரி எடுத்தா வெறும் நம்பர்தான் வரும். இதுல பேரும் ஈக்கிது, பழைய திகதியும் ஈக்கிது." பதினொரு வருடம் என் கடைக்குக் கீழே இருந்து தொழில் செய்தவர். கெட்டிக்காரர்தான்.

அவள் மேலே வந்து வாசலில் நின்றாள். கதிரையில் இருக்கவில்லை.

"அண்ணா, மிச்சம் எங்க?"

"என்ன மிச்சம் பிள்ளை?"

அவள் என்னை ஏசியிருக்கலாம். கையில் இருந்த சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அதைத் திறந்து பார்க்கும் துணிவு எனக்கு வரவில்லை. உங்கள் ஆட்கள் வரும்வரை அது அப்படியே இருந்தது.

ஆகவே, சின்னத்தம்பி தில்லைநாதன் ஆகிய நான், ரூபிகா தனஞ்சயனின் டிஸ்க்கை வேண்டுமென்றே அழித்தேன். அதன் முழுக் கொப்பியை மறைத்து வைத்திருந்தேன். அவளுடைய கோவையைக் கெடுத்தேன். கணவனின் குரலை அவளிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். யாரும் தூண்டவில்லை, யாரும் உதவவில்லை. இதற்குக் கீழே கையெழுத்து வைக்கிறேன்.

இனி மூன்று நாளாக நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கடவுச்சொல். அவளுடைய கொப்பியை மட்டும் நான் பூட்டி வைத்திருக்கிறேன். மற்றவர்களுடையது திறந்தே கிடக்கிறது. அந்தப் பூட்டை உங்கள் நிபுணரால் உடைக்க முடியாது, அவரே அப்படித்தான் சொன்னார். அவள் உங்களிடம் வேறொன்றும் கேட்கவில்லை, குரல்களைத் திருப்பித் தந்தால் போதும் என்று அழுகிறாள் என்றீர்கள். எனக்கும் மனம் இருக்கிறது. கட்டாயம் கொடுப்பேன். ஆனால் மிச்சம் இருநூற்றிரண்டு இருக்கிறது. அவ்வளவையும் ஒரேயடியாகக் கேட்டால் அந்தப் பிள்ளை தாங்குமா? கேட்டு முடித்த அன்றைக்கு அவளுக்கு என்ன மிஞ்சும்? இதையெல்லாம் யோசிப்பதற்கு அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை. கிழமைக்கு ஒன்று என்றால் நாலு வருடம் வரும், அதற்குள் மனம் ஆறிவிடும். என்னை எங்கே வைத்திருந்தாலும் பார்க்க ஆட்களை விடுவார்கள்தானே. கடவுச்சொல் என் தலைக்குள்தான் இருக்கிறது, ஒரு லப்டொப்பும் அந்த டிஸ்க்கும் கொடுத்தால் போதும். அவளை வழக்கம்போல் பத்தரை பஸ்ஸில் வரச் சொல்லுங்கள். இந்தச் சனிக்கிழமைக்கு உரியதை நான் ஏற்கெனவே தெரிந்தெடுத்து வைத்துவிட்டேன்.